முதுகை அழுத்தினால் மார்பு வலிக்கிறது

பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், நோயாளி எங்கே விரலை வைத்துக் காட்டுகிறாரோ அங்கேயே சிகிச்சை கொடுக்கும் பழக்கம் எனக்கிருந்தது. நாள் முழுதும் கணினிமுன் குனிந்து கணக்குப் பார்க்கும் ஒருவர்தான் அதை மாற்றினார். இடது மார்பில் குத்துவலி என்று மருத்துவரிடம் போய், இசிஜியிலும் இரத்தப் பரிசோதனையிலும் இதயத்தில் குறையில்லை எனத் தெரிந்த பிறகு, தசைப்பிடிப்பாக இருக்கலாம் என்று என்னிடம் அனுப்பப்பட்டிருந்தார். மூன்று நாள் மார்புத் தசைக்கே ஒத்தடம் கொடுத்தேன். வலி சற்றும் குறையவில்லை.

நான்காம் நாள் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, கழுத்தடியிலிருந்து ஒவ்வொரு முள்ளெலும்பின் ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இறங்கினேன். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, இடப்பக்கம் ஓரிடத்தில் அழுத்தியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டவர், "அதே வலிதான் சார், ஆனால் முன்னால் வலிக்கிறது" என்றார்.

மேல்முதுகின் 12 முள்ளெலும்புகளும் பின்புறம் சிறு மூட்டுகளால் ஒன்றோடொன்று இணைகின்றன; விலா எலும்புகளும் அவற்றோடு மூட்டுகளாகவே சேர்கின்றன. இம்மூட்டுகளிலிருந்து வரும் நரம்புகளும், மார்புச்சுவரிலிருந்தும் இதயம் போன்ற உறுப்புகளிலிருந்தும் வரும் நரம்புகளும் தண்டுவடத்துக்குள் ஒரே நரம்பணுக்களில் போய்ச் சேரக்கூடும் என்பதால், வலிச் செய்தி எங்கிருந்து கிளம்பியது என்பதை மூளை தவறாகக் கணித்துவிடுகிறது. நலமாக உள்ளவர்களின் மூட்டுகளில் ஊசி செலுத்தி வலியைத் தூண்டிப் பார்த்த 1994ஆம் ஆண்டு ஆய்வொன்றில், வலி பெரும்பாலும் அந்த மூட்டுக்குச் சற்றுக் கீழும் வெளிப்பக்கமுமாகத் தெரிந்தது. வெவ்வேறு மூட்டுகளின் வலிப்பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் இருந்தன. ஆகவே வலிக்கும் இடத்தை மட்டும் வைத்து இன்ன மூட்டுதான் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. என் நோயாளிக்கு வந்ததுபோல் மார்பு வரை வருவது அவ்வளவு வழக்கமும் அல்ல.

மூட்டை மெல்ல அசைத்துக்கொடுத்து, உட்கார்ந்தபடி உடலை இருபுறமும் திருப்பும் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வாரத்தில் ஆழமாக மூச்சிழுத்தாலும் குத்தவில்லை என்றார்.

இந்த வெற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியதை ஒப்புக்கொள்ள வேண்டும். சில காலம், முதுகில் அழுத்தி வலித்துவிட்டால் மூட்டுதான் என்று முடிவுகட்டினேன். ஆனால் இதயவலியும் அதே நரம்புப் பாதையில் முதுகுக்கு வரக்கூடியது. அழுத்தினால் வலிப்பதாலேயே இதயத்தில் கோளாறில்லை என்று ஆகிவிடாது. இப்போதெல்லாம் கட்டைவிரலை வைக்கும் முன், மாடிப்படி ஏறும்போது வலி கூடுகிறதா, வியர்க்கிறதா, இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதா என்று கேட்கிறேன். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அன்று படுக்கவைப்பதில்லை, மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன்.