அழிக்காமல் வைத்திருக்கும் படம்

2025 ஆகஸ்ட் 4, திங்கள்

என் அந்தரங்கப் படத்தை நீக்கச் சொல்லி, அது வெளியாகியிருக்கும் இணையதளத்துக்குக் காலை 10.40 மணிக்குப் புகாரை அனுப்பினேன். நாளை 10.40 வரை அவர்களுக்கு அவகாசம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி மற்ற புகார்களைத் தீர்க்க 15 நாள் உண்டு. இத்தகைய படம் என்றால் 24 மணி நேரந்தான். பாதிக்கப்பட்டவர் சார்பில் வேறொருவரும் புகார் கொடுக்கலாம் என்று அக்கா அந்த விதியை வாசித்துக் காட்டினாள். அது முன்பே தெரிந்திருந்தால் ‘படத்தில் இருப்பது நான்தான்’ என்ற வரியை என் கையால் எழுதியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

10.40 ஆயிற்று. இன்னும் இருக்கிறது.

பிற்பகல் 2.15க்குப் பார்த்தபோது இல்லை. அக்கா அழுதாள், எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது.

ஆகஸ்ட் 6, புதன்

வேறொரு முகவரியில் வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

காவல் நிலையத்தில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78ஆம் பிரிவுப்படி இத்தகைய வழக்கை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய முடியும். ஆய்வாளர் பாதுகாப்புப் பணிக்குப் போயிருந்தார். உதவி ஆய்வாளர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, “படத்தை யார் எடுத்தது?” என்பது. நான்தான் எடுத்தேன் என்றேன். அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அந்தப் பேனாவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரவு முழுவதும் சட்டங்களை வாசித்தேன். அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்று தெரிந்தது. கலிபோர்னியா 2013இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியபோது, படத்தை எடுத்தவனே பரப்பினால்தான் குற்றம் என்று வைத்திருந்தது. தன்னைத்தானே எடுத்துக்கொண்டவளுக்கு அதில் இடமில்லை, மறு ஆண்டுதான் திருத்தினார்கள். தென்கொரியாவில் அந்த ஓட்டை 2018இன் இறுதி வரை இருந்தது. பிலிப்பைன்ஸ் மட்டும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, எடுப்பதற்குக் கொடுத்த சம்மதம் பரப்புவதற்குக் கொடுத்த சம்மதம் ஆகாது என்று எழுதிவிட்டது.

நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவிலும் எடுப்பது, வெளியிடுவது, அனுப்புவது ஆகிய மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. நடுவில் ‘அல்லது’ இருக்கிறது. சம்மதமின்றி எடுத்தால் குற்றம், அல்லது சம்மதமின்றி அனுப்பினால் குற்றம். அந்த ‘அல்லது’வை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய் அவர் மேசையில் வைக்கலாமா என்று விடியும் வரை யோசித்தேன். பைத்தியக்காரத்தனந்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வழக்கறிஞர் மேடம் முதலில் சொன்னது, “எதையும் அழிக்காதேம்மா.” கடந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், கோப்பின் ஹேஷ் எண்ணை, அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை, அதில் குறிக்க வேண்டும். உலகத்தில் எல்லாரிடமிருந்தும் அழிக்கப்பட வேண்டும் என்று நான் கெஞ்சுகிற படத்தை என் கைபேசியில் மட்டும் நான் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அழிக்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

ஸ்டாப் என்சிஐஐ என்ற சேவைக்கும் அதே படம் தேவைப்பட்டது. 2021 டிசம்பரில் பிரிட்டனில் தொடங்கியது அது. படம் நம் கருவியை விட்டு வெளியே போவதில்லை, அதிலிருந்து கணக்கிட்ட எண் மட்டும் போகிறது, சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அந்த எண்ணோடு ஒத்துப்போகும் படத்தைத் தடுக்கின்றன. சேராத தளங்களுக்கு இது பொருந்தாது. இப்போது படம் இருப்பது அப்படியொரு தளத்தில்தான். இருந்தாலும் செய்தேன். அந்தப் படத்தின் பெயர் இனி ஓர் எண் என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

ஆகஸ்ட் 16, சனி

“சும்மா விளையாட்டுக்கு அனுப்பினேன், அவளை நோகடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை” என்று அவன், படத்தைப் பரப்பிய என் முன்னாள் காதலன், பொது நண்பர் ஒருவரிடம் சொன்னானாம். இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்த ஒரு வாக்கியம் அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடும். நோகடிக்கும் உள்நோக்கத்தை அங்கே நிரூபிக்க வேண்டியிருந்தது. உள்நோக்கம் தேவைப்படாத குற்றம் அங்கே நடைமுறைக்கு வந்தது 2024 ஜனவரி 31 அன்றுதான். ஒன்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம். அதற்குள் எத்தனை பேர் ‘சும்மா’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2015இல், உறவு முறிந்தபின் கேட்டுக்கொண்டால் அந்தரங்கப் படங்களை அழித்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. நான் கேட்டிருக்க வேண்டும். பிப்ரவரியிலேயே கேட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ, 67ஏ. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 77. இந்த 77இன் இரண்டாம் விளக்கத்தில், படம் எடுக்கச் சம்மதித்தவள் பரப்பச் சம்மதிக்காவிட்டால் பரப்புவது குற்றமே என்று இருக்கிறது. நகலில் என் பெயர் முழுதாக இருக்கிறது. பெயரை மறைக்கச் சொல்லும் 72ஆம் பிரிவு வன்புணர்ச்சி சார்ந்த பிரிவுகளுக்கு மட்டுமே என்கிறார் மேடம்.

என்னை உறுத்துவது, பாலியல் காட்சிகளை மின்னணு வடிவில் பரப்புவதைத் தண்டிக்கும் 67ஏ. பிணையில் வர முடியாத, ஐந்து ஆண்டு வரை சிறை தரக்கூடிய பிரிவு என்பதால் அதைச் சேர்த்தது நல்லது என்கிறார்கள். ஆனால் அதைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டேன். ‘சம்மதம்’ என்ற சொல்லே அதில் இல்லை. 66இக்கு என் தனிமை முக்கியம், 67ஏக்குப் படத்தில் என்ன தெரிகிறது என்பது மட்டுமே முக்கியம். அதை மின்னணு வடிவில் அனுப்புகிற எவரும் குற்றவாளி என்றால், மார்கழியில் அவனுக்கு அனுப்பிய நான் யார்? இரவு பதினொன்றரைக்கு மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

“தூங்கும்மா” என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. அது ஆம் என்பதா, இல்லை என்பதா?

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று ஆறாவது முகவரி. சென்ற மாதம் ஒரு பெண் வழக்கறிஞரின் மனுவில், இணையத்தில் பரவிய அவருடைய படங்களை 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. நாமும் அப்படி மனு செய்யலாம், பெயருக்குப் பதில் ஓர் எழுத்தைப் போடச் சொல்லிக் கேட்கலாம் என்றார் மேடம். எந்த எழுத்து என்று அக்கா கேட்டாள். முதல் முறையாக மூவரும் சிரித்தோம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கைபேசியை ஒப்படைத்தேன். ஆய்வாளர் இருந்தார். உறையில் இட்டு, அரக்கு முத்திரை வைத்து, என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஆய்வகத்தில் இந்த உறையை யார் யார் திறப்பார்கள் என்று கேட்டேன்.