ராகு காலத்துக்கு ஒரு கணக்கு

ராகு காலம் பார்ப்பவரோடு எனக்குச் சண்டையில்லை. பார்ப்பதென்றால் ஒழுங்காகப் பார்க்க வேண்டாமா?

கணக்கு எளிது. சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையுள்ள பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும். திங்களுக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்றாவது, பிறகு வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், கடைசிப் பங்கு ஞாயிறுக்கு. தினசரி காலண்டர் உதயம் 6, அஸ்தமனம் 6 என்று வைத்துக்கொண்டு, பங்குக்கு ஒன்றரை மணி என்று அச்சடித்துவிடுகிறது. வருடம் பூராவும் அதே நேரம்தான். சூரியனுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

ஜூன் நடுவில் சென்னையில் உதயம் சுமார் 5.43, அஸ்தமனம் 6.37. பகல் 774 நிமிடம். ஒரு பங்கு கிட்டத்தட்ட 97. ஆக ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் 5.00 முதல் 6.37 வரை. காலண்டரோ 4.30 முதல் 6 என்கிறது. 'அப்பாடா, முடிந்தது' என்று 6.05க்குப் பெண் பார்க்கக் கிளம்புகிறவர் ராகுவின் மடியில்தான் உட்கார்ந்திருக்கிறார். இப்படிப் பார்த்து முடித்த கல்யாணங்களும் நன்றாகத்தான் இருக்கின்றன. காரணம் கேட்டால் குரு பார்வை என்பார்கள்.

லண்டனில் ஜூன் மாத ராகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீள்வார், டிசம்பரில் ஒரு மணி நேரத்திலேயே கிளம்பிவிடுவார். நார்வேயின் டிராம்சோவில் டிசம்பரில் சூரியன் உதிப்பதே இல்லை. எட்டால் வகுக்கப் பகலே கிடையாது. அவசரமாக வீடு கிரயம் பண்ணுகிறவர்கள் அங்கே போகலாம்.