பாதி வட்டம் கடலில்

கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, டேட்டிங் ஆப்பில் தூரத்தை 50 கிலோமீட்டர் என்று வைத்தேன். பெரிய மனசு பண்ணித்தான் வைத்தேன். கொஞ்ச நேரம் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்த பிறகுதான் ஊரின் வரைபடம் மண்டையில் உறைத்தது. நான் இருக்கும் இடத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால், அதில் கிட்டத்தட்டப் பாதி அட்லாண்டிக் பெருங்கடல். அந்தப் பாதியில் திமிங்கிலம் இருக்கலாம், சிங்கி இறால் இருக்கலாம். மாப்பிள்ளை கிடையாது.

வந்தது 2022 அக்டோபரில். அதற்குச் சில நாள் முன்னால், செப்டம்பர் 24 அன்று, ஃபியோனா புயல் இந்த ஊர் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் கரையேறியிருந்தது. நான் வந்து இறங்கியபோதும் விழுந்த மரங்களை அறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. வேலை கிடைத்ததுகூடப் பெரிதில்லை, வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. அந்த வருஷம் இங்கே நூறு வாடகை வீட்டுக்கு ஒன்றுதான் காலி. கடைசியில் இன்னும் மூன்று பெண்களோடு ஒரு பழைய மரவீட்டின் பேஸ்மெண்டில் இடம் கிடைத்தது. ஜன்னல் வழியாகத் தெரிந்தது இரண்டு கட்டுமான கிரேன்கள். ஆறு மாதத்தில் அது நான்காகிவிட்டது.

2021 மக்கள்தொகைக் கணக்கில் இந்த நகரத்துக்கு ஏறக்குறைய 4 லட்சத்து 40 ஆயிரம் பேர். மூன்றே வருஷத்தில் 5 லட்சத்தைத் தொட்டுவிட்டது. ஊர் இப்படி வீங்குகிறதே, ஆளுக்கா பஞ்சம் என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினோராவது நாள் ஆப்பில் காட்டுவதற்கு ஆள் தீர்ந்துவிட்டது. ‘உங்கள் பக்கத்தில் புதிதாக யாரும் இல்லை’ என்று ஒரு அறிவிப்பு. டொராண்டோவில் இருக்கும் தோழியிடம் சொன்னேன், நம்பவே மாட்டேன் என்றாள். அவளுக்கு அந்த அறிவிப்பு வந்ததே இல்லையாம்.

தீர்வது ஒரு கஷ்டம் என்றால், தீராமல் திரும்பத் திரும்ப வருகிற முகங்கள் இன்னொரு கஷ்டம். அலுவலகத்தில் எங்கள் மாடியில் வேலை செய்யும் ஒருவர் திடீரென்று ஆப்பில் வந்து நின்றார். கயாக் படகில் சட்டையில்லாமல். பதறிப்போய் இடது பக்கம், அதாவது ‘வேண்டாம்’ பக்கம், தள்ளிவிட்டேன். மறுநாள் காலை காபி மெஷின் முன்னால் அவரே நின்றார், சட்டையோடு. “குட் மார்னிங்” என்றார். அவரும் என்னைப் பார்த்திருப்பாரா, பார்த்து எந்தப் பக்கம் தள்ளியிருப்பார் என்ற யோசனையிலேயே சர்க்கரையை இரண்டு தடவை போட்டேன்.

சரி, இந்த ஊர் ஆண்களின் ப்ரொஃபைல் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் படம் நாயோடு. இரண்டாவது பெக்கிஸ் கோவ் கலங்கரை விளக்கத்தின் முன்னால். மூன்றாவது, தவறாமல், இரண்டு கையாலும் ஒரு பெரிய மீனைத் தூக்கிப் பிடித்தபடி. பெரும்பாலும் ஸ்ட்ரைப்டு பாஸ், சில சமயம் கானாங்கெளுத்தி மாதிரி ஏதாவது. மீனைக் கேமராவுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடிப்பதால் ஆள் சின்னதாகவும் மீன் பெரிதாகவும் தெரியும். இந்தப் படங்களை அம்மாவிடம் காட்டினால் ஆளைப் பார்க்க மாட்டாள், செவுள் சிவப்பாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். மீன் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இடது பக்கம் என்று நானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். போட்ட வாரமே ஆப் பாதி காலியானது.

என் ப்ரொஃபைலை எழுதுவது அதைவிடச் சிரமமாக இருந்தது. மேட்ரிமோனியில் அம்மாதான் எழுதியிருந்தாள்: படிப்பு, சம்பளம், நட்சத்திரம், ‘அமைதியான பெண்’. நான் அதில் வாயே திறக்கவில்லை. ஹிஞ்ச் ஆப்பில் அப்படி முடியாது. அது கொடுக்கிற பட்டியலிலிருந்து மூன்று தொடக்க வரிகளை எடுத்து, மீதியை நாமே முடிக்க வேண்டும். ‘ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிடித்த விஷயம்...’ என்று ஒரு வரி. ‘துணி துவைப்பது’ என்று உண்மையை எழுதினேன். கூடத் தங்கியிருந்த பஞ்சாபிப் பெண் போனைப் பிடுங்கி அழித்துவிட்டு, ‘கடற்கரையில் நீண்ட நடை’ என்று எழுதினாள். வெளியே மைனஸ் பதினான்கு.

பம்பிள் என்ற ஆப் இன்னொரு மாதிரி. 2014இல் அது வந்தபோதே விதி அதுதான்: ஆணும் பெண்ணும் மேட்ச் ஆனால், அதாவது இருவருக்கும் பிடித்திருந்தால், பெண்தான் முதலில் பேச வேண்டும், அதுவும் 24 மணி நேரத்துக்குள். 2024இல் கொஞ்சம் தளர்த்தி, பெண் ஒரு கேள்வியை முன்கூட்டியே வைத்துவிட்டால் ஆண் அதற்குப் பதில் சொல்லித் தொடங்கலாம் என்று மாற்றினார்கள். எனக்கு அந்தச் சலுகை வருவதற்கு முந்தைய காலம். முதல் மேட்சுக்கு என்ன எழுதுவது என்று இருபது மணி நேரம் யோசித்து, கடைசியில் ‘ஹோப் யூ ஆர் டூயிங் வெல்’ என்று ஆபீஸ் மெயில் போல ஆரம்பித்தேன். அவர் பதில் போட்டார்: ‘டிக்கெட் நம்பர் என்ன?’ நல்ல ஆள்தான். இரண்டு நாள் பேசினோம், அப்புறம் அவர் கால்கரிக்கு வேலை மாறிப் போய்விட்டார்.

இந்தப் ‘போய்விட்டார்’ என்ற சொல்லைத்தான் இங்கே அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. செப்டம்பரில் பல்கலைக்கழகங்கள் திறந்ததும் ஆப் நிரம்பி வழியும், ஏப்ரல் முடிந்ததும் வடிந்துவிடும். கனடா கடற்படையின் அட்லாண்டிக் பிரிவு இருப்பதும் இந்தத் துறைமுகத்தில்தான். கடற்படைக்காரன் ஒருவனோடு மூன்று வாரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தேன். 4 கிலோமீட்டர் தூரம் என்று காட்டும். கப்பல் கிளம்பப்போகிறது, ஆறு மாதமாகும் என்று சொன்னான். நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை போல. ஒருநாள் திறந்து பார்த்தால் 4,000 கிலோமீட்டருக்கு மேல் காட்டுகிறது. ஒரு மனிதன் விலகிப் போவதை இவ்வளவு துல்லியமாக எண்ணில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முதல் நேர் சந்திப்பு வேறொருவனோடு, ஊர் நடுவே சிட்டாடல் கோட்டைக் குன்றில். அவன் ப்ரொஃபைலில் ஊர் ‘ஹாலிஃபாக்ஸ்’ என்று இருந்தது. பகல் நேரம், பொது இடம், கூடத் தங்கியிருப்பவளுக்கு லொகேஷன் அனுப்பியாகிவிட்டது. கையில் ஆளுக்கொரு காபி. சரிவில் புல்வெளி ஓரமாக நின்று துறைமுகத்தைப் பார்த்தபடி, எந்த பஸ் எப்போது வராது என்று பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று தலைக்கு மேலே ஒரு வெடி. பீரங்கி! நான் கத்திவிட்டேன். காபியில் பாதி என் கையுறையில், பாதி அவன் ஷூவில். அவன் என்னைவிட மோசம், குனிந்து உட்கார்ந்தே விட்டான். எங்களைத் தாண்டி நாயோடு போன ஒரு பாட்டி சலனமே இல்லாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். நாயும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கோட்டையில் கிறிஸ்துமஸ் தவிர எல்லா நாளும் நண்பகல் பன்னிரண்டுக்குப் பீரங்கி வெடிப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது மணியடிப்பது மாதிரி. “நீ இந்த ஊர் இல்லையா?” என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கேட்டோம். அவன் ஒன்ராறியோ மாகாணத்து பிராம்ப்டனிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்து வேலை, இங்கே கடல் இருக்கிறதே என்று வந்தவன். வசந்தம் வருவதற்குள் அவன் கம்பெனி எல்லாரையும் ஆபீசுக்கே திரும்பக் கூப்பிட்டுவிட்டது. வேறென்ன, போய்விட்டான்.

வெளியூரிலிருந்து வந்தவர்களை இங்கே ‘கம் ஃப்ரம் அவே’ என்பார்கள். ஒன்ராறியோக்காரனும் அதுதான், நானும் அதுதான். முப்பது வருஷம் இங்கேயே இருந்தவரையும் சில கிழவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அலுவலகத்தில் என் எதிர் மேசைக்காரி சொன்னாள். அவள் இதே மாகாணத்தைச் சேர்ந்த கேப் பிரெட்டன் தீவுக்காரி, அவளையே கொஞ்சம் அப்படித்தான் பார்க்கிறார்களாம்.

பேச்சு இரண்டாவது வாரத்தைத் தாண்டினால் எல்லாரும் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு நாள் இங்கே இருப்பாய்? அதற்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை. ஒர்க் பர்மிட் முடியும் தேதி தெரியும், அவ்வளவுதான். நிரந்தர வசிப்புரிமைக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற விண்ணப்ப முறையில் வயதுக்குப் புள்ளிகள் உண்டு. தனியாக விண்ணப்பித்தால் 20 முதல் 29 வயது வரை 110. முப்பது ஆனதும் 105, அடுத்த வருஷம் 99. என் முப்பதாவது பிறந்தநாள் காலையில் இரண்டு விஷயம் ஒன்றாக நடந்தது: அரசாங்கம் ஐந்து புள்ளியைக் கழித்தது, ‘29 வரை’ என்று வடிகட்டி வைத்திருந்த ஆண்களின் போனிலிருந்து நான் மறைந்தேன். ‘வயசு ஏறுது’ என்று அம்மா ஒருத்திதான் சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போது கனடாவும் சேர்ந்துகொண்டது. கல்யாணமானால் துணையையும் கணக்கில் சேர்ப்பார்கள், அப்போது வயதுக்கு உச்சமே 100தான். அதை அம்மாவிடம் சொன்னபோது, “அது என்னடி நாடு, தனியா இருந்தா மார்க்கு கூடவா?” என்றாள்.

மோசடிக்காரன் ஒருவனும் வந்தான். கடலில் எரிவாயு மேடையில் பொறியாளர் என்றான், நோவா ஸ்கோஷியா கரைக்கு அப்பால். கடற்கரை ஊர்தானே, நம்பும்படிதான் இருந்தது. இரண்டாம் நாளே வாட்ஸ்அப்புக்கு வா என்றான். வீடியோவில் வர சிக்னல் இல்லை. ஐந்தாம் நாள், மேடையில் இணையத்துக்குக் காசு கட்ட வேண்டும், கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை அனுப்ப முடியுமா என்றான். கேப் பிரெட்டன்காரியிடம் காட்டினேன். படித்துவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். இங்கே இருந்த எரிவாயு உற்பத்தி எல்லாம் 2018லேயே நின்றுவிட்டது, மேடைகளையும் பிரித்து எடுத்தாகிவிட்டது. “நியூஃபவுண்ட்லாண்ட் என்று சொல்லியிருந்தால்கூடப் பிழைத்திருப்பான்” என்றாள். அங்கே மேடைகள் உண்டு. பிறகு அவளே உட்கார்ந்து மோசடித் தடுப்பு மையத்துக்குப் புகார் எழுதவைத்தாள். பணம் எதுவும் போகவில்லை. ஆனால் அவனுக்கு ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டு அனுப்பிய மெசேஜ்களை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

பிறகு நான்கு மாதம் ஆப்பைத் தொடவில்லை. திரும்ப நிறுவியபோது தூரத்தை 5 கிலோமீட்டராகக் குறைத்துவிட்டேன். அதில்தான் டார்ட்மவுத் அகப்பட்டது.

டார்ட்மவுத் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம். 1996 வரை தனி நகரம், இப்போது ஒரே நகராட்சி. ஆனால் இந்தக் கரைக்காரர்கள் அதை இன்னும் ‘டார்க் சைட்’ என்று கிண்டல் பண்ணுவார்கள், தண்ணீரைத் தாண்டிப் போக அப்படி ஒரு சோம்பல். ஆப்புக்குத் தண்ணீரும் தெரியாது, சோம்பலும் தெரியாது. நேர்கோட்டில் அளந்து ‘3 கிலோமீட்டர்’ என்று ஒருவனைக் காட்டியது. தச்சு வேலை பார்க்கிறவன், அங்கேயே பிறந்து வளர்ந்தவன். முதல் படம் நாய். இரண்டாவது படகு. மூன்றாவது மீன். சட்டப்படி இடது பக்கம் போயிருக்க வேண்டும். ‘ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிடித்த விஷயம்’ என்ற வரிக்கு ‘துணி துவைத்து மடிப்பது’ என்று எழுதியிருந்தான். கை நின்றுவிட்டது.

போக வழி ஃபெரி. 1752 முதல் அந்த இரு கரைக்கும் நடுவே படகு ஓடிக்கொண்டிருக்கிறதாம். வட அமெரிக்காவில் உப்புநீரில் ஓடும் மிகப் பழைய படகுச் சேவை என்று சொல்வார்கள். ஒரு தடவை கடக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். முதல் சந்திப்பையே அதில் வைத்துக்கொள்ளலாம் என்றான். பிடிக்கவில்லை என்றால் அந்தக் கரையில் இறங்கி அடுத்த படகில் நீ திரும்பிவிடலாம், யாரும் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம் என்றான். இதைவிட நாகரிகமான ஏற்பாட்டை நான் கேட்டதில்லை. அன்று மூடுபனி, மேல்தளத்தில் எதிர்க்கரையே தெரியவில்லை, பாலம் பாதியோடு நின்றுபோன மாதிரி இருந்தது. நாங்கள் நான்கு தடவை போய்த் திரும்பினோம். எவ்வளவு நாள் இங்கே இருப்பாய் என்று அவனும் கேட்டான். 99 புள்ளிக் கதையைச் சொன்னேன். சட்டென்று ஒன்றும் சொல்லாமல், “அதில் தச்சுத் தெரிந்தால் புள்ளி உண்டா?” என்று கேட்டான்.

ஐந்தாவது தடவை அந்தக் கரையில் இறங்கும்போது தைரியம் வந்து, ஆப்பைத் திறந்து அவன் மூன்றாவது படத்தைக் காட்டினேன். இவ்வளவு பெரிய மீனை எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். காது மடல் சிவந்துவிட்டது. அது அவன் பிடித்தது இல்லையாம், அக்கா புருஷன் பிடித்தது. படத்துக்காக இரண்டு நிமிடம் வாங்கி வைத்துக்கொண்டானாம், கை வழுக்கி அது திரும்பவும் தண்ணீருக்குள் போய்விட்டதாம். அக்கா புருஷன் இன்னும் பேசுவதில்லையாம்.