ஓடு பிரிக்கும் முன் ஒரு எக்செல் ஷீட்

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஒரு பழைய பங்களாவை இடிக்கிறார்கள் என்றால் முதல் நாளே கடப்பாரையும் சம்மட்டியும் வந்துவிடும். தேக்கு நிலையும் மங்களூர் ஓடும் காரையோடு நொறுங்கி டிப்பரில் ஏறி, பல நேரம் ஏதோ ஒரு சரிவில் கொட்டப்பட்டு, அடுத்த மழைக்கு ஓடையில் இறங்கிவிடும். பார்க்கவே வயிறு எரிகிறது.

இடிக்காமல் ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றால் இதைத் தடுக்கலாம், அதற்குத் திட்டமிடக் கையிலிருக்கும் போனே போதும். ஒவ்வொரு அறையையும் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து போட்டோகிராமெட்ரி (படங்களிலிருந்து அளவெடுக்கும்) மென்பொருளில் போட்டால் வீட்டின் முப்பரிமாண மாதிரி வந்துவிடும். லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) உள்ள ஐபோன் ப்ரோ இருந்தால் இன்னும் சீக்கிரம். டேப் பிடித்து நாலைந்து அளவுகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கேமராவுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் தெரியும், உத்திரம் உள்ளே செல்லரித்திருக்கிறதா என்பதை ஆசாரிதான் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்த ஷீட். ஒவ்வொரு உத்திரம், கைமரம், கதவு, ஜன்னலுக்கும் ஒரு எண், அதே எண் சாக்பீஸால் மரத்தின் மேலும். நீளம், அகலம், என்ன மரம், என்ன நிலைமை, யார் வாங்குகிறார். இந்தக் கடைசி விஷயம்தான் மலையில் முக்கியம், ஏனென்றால் இங்கே கழற்றியதை அடுக்கி வைக்கச் சமதளம் கிடையாது, தென்மேற்குப் பருவமழை போய் மூச்சு விடுவதற்குள் வடகிழக்கு வந்துவிடும், நனைந்த மரத்தை யாரும் நல்ல விலைக்கு எடுக்கமாட்டார்கள். அதனால் ஷீட்டை முன்கூட்டியே மேட்டுப்பாளையம், கோவை மரக்கடைகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பி, வண்டி வரும் தேதிப்படி கழற்ற வேண்டும்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் முழுசாக வரும், பிற்பாடு சிமெண்டில் கட்டிய பகுதியில் பெரும்பாலும் உடைந்துதான் வரும். இரண்டையும் மாதிரியில் வேறு வேறு நிறத்தில் காட்டுங்கள். மலையை வெட்டிக் கட்டிய வீட்டில் பின்சுவர் மண்ணைத் தாங்கி நிற்கலாம். அதற்குச் சிவப்பு, பொறியாளர் பார்க்காமல் தொடவே கூடாது.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 1916 வரை கட்டிய வீடுகளை இயந்திரத்தால் இடிக்காமல் பிரித்தெடுக்க வேண்டும் என்று 2016-லேயே சட்டம் போட்டு, பிறகு அதை 1940 வரை நீட்டினார்கள். நம் நாட்டின் 2016 கட்டிடக் கழிவு விதிகளும் ஒரே கட்டிட வேலையில் மாதம் 300 டன் கழிவு வந்தால் அதை என்ன செய்வது என்று முன்கூட்டியே திட்டம் கொடுக்கச் சொன்னவைதான். கல் சுவர் கன மீட்டருக்குச் சுமார் 2.4 டன், ஆக 125 கன மீட்டர் சுவரே 300 டன் ஆகிவிடும். அந்தக் கன அளவும் மாதிரியிலேயே கிடைக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதைத் தனியாகக் குறித்து, மற்ற வேலை தொடங்கும் முன், தண்ணீர் தெளித்து, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல்லுங்கள்.