பதினைந்து மதிப்பெண்

மார்ச் 4, 2025

இஸ்ரோவின் யுவிகா கோடை முகாமுக்கு இன்று பேத்தியின் பெயரைப் பதிவு செய்தோம். ஜனவரி 1 அன்று 9ஆம் வகுப்பில் படித்துக்கொண்டிருப்பவர்கள்தான் விண்ணப்பிக்கலாம் என்பதால் அவளுக்கு இந்த ஒரு கோடைதான்.

மார்ச் 6

இணையவழி வினாடிவினாவின் பாதியில் மின்சாரம் போய்விட்டது. கைபேசி இணைப்பில் மீதியை முடித்தாள். தோளுக்குப் பின்னால் நின்ற என்னை, “தாத்தா, நீங்க திண்ணையில போய் உட்காருங்க” என்று விரட்டிவிட்டாள்.

மார்ச் 9

இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முகாமுக்குத் தேர்ந்தெடுக்கும் மதிப்பெண் நூற்றில் 50 அவளுடைய 8ஆம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு, 10 வினாடிவினாவுக்கு. அறிவியல் கண்காட்சிக்கு அதிகபட்சம் 10 உண்டு என்றாலும், அவள் பங்கேற்றது பள்ளி அளவில்தான் என்பதால் 2 மட்டுமே கிடைக்கும். ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர் ஆகிய மூன்றுக்கும் எங்கள் பக்கம் ஒன்றுமில்லை. ஊராட்சிப் பகுதியில் உள்ள பள்ளியில் படிப்பவர்களுக்கு 15 என்று இருக்கிறதே, அதை நம்பித்தான் இந்த விண்ணப்பமே.

மார்ச் 11

மாப்பிள்ளை மதுரையிலிருந்து வந்திருந்தார். அங்கே ஒரு பயிற்சி மையத்தில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் சேர்த்துவிடலாம் என்கிறார். அவர்கள் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தேன். 10ஆம் வகுப்புக் கணக்கையும் இயற்பியலையும் முன்கூட்டியே நடத்துவதற்குத்தான் கோடை முகாம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யுவிகாவில் இரண்டு வாரம் விஞ்ஞானிகளோடு பேசலாம், ஆய்வுக்கூடங்களைப் பார்க்கலாம், தங்கும் செலவும் உணவுச் செலவும் இஸ்ரோவுடையது. இதைச் சொன்னதற்கு, “கிடைச்சா நல்லதுதான் மாமா” என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை.

மார்ச் 13

தலைமையாசிரியை கையொப்பமிட்டுத் தந்த சான்றிதழை வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். பள்ளி இருப்பது எங்கள் கிராம ஊராட்சியில். ஆனால் ஊதா மையில் பதிந்திருக்கும் வட்ட முத்திரையில் பள்ளியின் பெயருக்குக் கீழே ‘மேலூர்’ என்று இருக்கிறது. யாரோ பழைய காலத்தில் தபால் முகவரியைப் பார்த்துச் செய்வித்த முத்திரை. மேலூர் நகராட்சி. எங்கோ உட்கார்ந்து இதைச் சரிபார்ப்பவருக்கு நகராட்சிப் பள்ளி என்று தோன்றிவிட்டால் 15 மதிப்பெண்ணும் போயிற்று.

சார்பதிவாளர் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் நான். முத்திரை சரியில்லை, கிராமத்தின் பெயர் பொருந்தவில்லை என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். மழையில் நனைந்த பத்திரத்தை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து நீட்டிய ஒருவர் இன்று முழுவதும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறார்.

மார்ச் 14

மாசி முடிகிறது. முத்திரை அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 18

தலைமையாசிரியை சிரித்துவிட்டு, பள்ளி எந்த ஊராட்சியின் எல்லைக்குள் வருகிறது என்று தம் கைப்பட இரண்டு வரி சேர்த்துக் கையொப்பமிட்டார். ஆனால் அதன் மேல் மறுபடியும் அதே முத்திரையைத்தான் குத்தினார்.

மார்ச் 21

எல்லாவற்றையும் பதிவேற்றியாயிற்று. எழுத்துகள் தெளிவாக விழும்வரை மூன்று முறை ஸ்கேன் எடுக்க வைத்தேன். கடைக்காரத் தம்பிக்கு என் மேல் வருத்தம்.

மார்ச் 29

எந்த மையம் என்பது தேர்வான பிறகுதான் தெரியும். மொத்தம் ஏழு, டேராடூனும் ஷில்லாங்கும்கூட அதில் உண்டு. அவளுக்குத் திருவனந்தபுரம் வேண்டும். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதையும், அங்கிருந்த மாதா கோயில் இப்போது விண்வெளி அருங்காட்சியகமாக இருப்பதையும் ஆச்சியிடம் கதை போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆச்சிக்கு வேறு கவலை. மே 12 அன்று அழகர் ஆற்றில் இறங்குகிறார், பிள்ளை அதற்குள் கிளம்பிவிடுவாளா என்று கேட்கிறாள். முகாம் மே மாதப் பிற்பாதியில்தான், அழகர் மலைக்குத் திரும்பிய பிறகுதான் என்று சொன்னதும் சமாதானமானாள்.

ஏப்ரல் 2

மாப்பிள்ளை தொலைபேசியில் பேசினார். பயிற்சி மையத்தில் முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசியாம். கட்டச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனது ஒரு மாதிரியாக இருக்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 5

முழு ஆண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். முகாமுக்குத் தேர்வானவர்களின் பட்டியலைப் பற்றி வாய் திறப்பதில்லை. காலையில் இணையதளத்தைப் பார்த்தேன், சுற்றிக்கொண்டே இருந்தது. சான்றிதழின் நகலை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து முத்திரையைவிடத் தெளிவாகத்தான் இருக்கிறது. மாலையில் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.