வீடு முழுக்க வெளிர் ரோஜா

சிங்கப்பூரில் பிடோக் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து முடித்தாயிற்று. கூடம், படுக்கையறைகள், சமையலறைக்குப் போகும் வழி, எல்லாம் ஒரே வெளிர் ரோஜா. கூரை மட்டும் வெள்ளை. "பிங்க்கா, கூடத்துக்கா?" என்று தயங்கிய அம்மா இப்போது கூடத்தை விட்டு நகர்வதில்லை!

இந்த நிறம் அடிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடையில் தரும் சின்ன அட்டையை நம்பாதீர்கள். நான்கு சுவரும் ஒன்றின் மேல் ஒன்று நிறத்தை எதிரொளிப்பதால், அறைக்குள் அது இன்னும் அடர்த்தியாகத் தெரியும். பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுங்கள். பெரிய தாளில் அடித்து, சுவருக்குச் சுவர் மாற்றி ஒட்டி, காலையிலும் இரவிலும் பாருங்கள்.

அப்புறம் விளக்கு. விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் குறிப்பார்கள். நீலம் கலந்த 6500 கெல்வின் வெள்ளை எல்இடியில் ரோஜா சோகை பிடித்ததுபோல் வெளுத்துவிடும். மஞ்சள் கலந்த 3000 கெல்வினில் லேசாகப் பீச் பழ நிறம் கலந்து அவ்வளவு இதமாக இருக்கும். சாமி மாடத்துப் பித்தளைக் குத்துவிளக்கு இந்தச் சுவருக்கு முன்னால் எடுப்பதுபோல் வெள்ளைச் சுவரில் எடுத்ததே இல்லை.

நிற எண் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.