பங்க் இளைஞர்களும் அரசியலும்: எம்.ஏ. புராஜெக்ட், வைவாவுக்குத் தயாராகிறவர்களுக்கு

சமூகவியல் எம்.ஏ. புராஜெக்டுக்குப் பங்க் இளைஞர்களின் மாற்று அரசியலை எடுத்தேன். பெட்ரோல் பங்க் இல்லை; 1970-களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கிளம்பிய பங்க் (punk) ராக் இசையையும் அதன் கலகப் போக்கையும் பின்பற்றியவர்கள். தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு இந்தத் தலைப்பா என்று கேட்காத ஆள் இல்லை. அடுத்து எடுப்பவர்களுக்கு உதவட்டும்.

கூரான முடி, ஊக்கு குத்திய சட்டை, சத்தமான கிதார், இதற்கெல்லாம் அரைப் பக்கம் போதும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வருவது ஒரே கேள்விதான்: "இதுல அரசியல் எங்கம்மா இருக்கு?" பாட்டு வரியைக் காட்டினால் எடுபடாது. யார் என்ன செய்தார்கள், யார் கூட வந்தார்கள் என்று காட்ட வேண்டும்.

நான் பிரிட்டனின் ராக் அகெயின்ஸ்ட் ரேசிசத்தை ('இனவெறிக்கு எதிராக ராக்') சொன்னேன். 1976-இல் ராக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் மேடையிலேயே குடியேறிகளுக்கு எதிராகப் பேசப்போய், அதைக் கண்டித்துப் பிறந்த இயக்கம். இனவெறிக் கட்சியான நேஷனல் ஃபிரண்ட் லண்டன் தெருக்களில் வளர்ந்துகொண்டிருந்த நேரம். 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை பல்லாயிரம் பேர் நடந்தார்கள். அங்கே பங்க் குழுவான தி கிளாஷும் பாடியது, ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையைப் பாடும் கறுப்பினக் குழுவான ஸ்டீல் பல்ஸும் பாடியது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) பேனாவை மூடி வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"தேர்தலை வெறுப்பவர்கள்" என்று மொத்தமாக எழுதிவிடாதீர்கள். அமெரிக்கப் பங்க் குழுவான டெட் கென்னடிஸின் பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா 1979-இல் சான் ஃபிரான்சிஸ்கோ மேயர் தேர்தலில் நின்று நாலாவதாக வந்தார். தொழிலதிபர்கள் கோமாளி உடை போட வேண்டும் என்பது அவருடைய வாக்குறுதிகளில் ஒன்று. நம்மூர் சுயேச்சை வேட்பாளர்களே இவரிடம் தோற்றுப்போவார்கள்! நாஜிச் சின்னத்தோடு திரிந்த பங்க் கூட்டமும் உண்டு. அதை மறைத்தால் அடுத்த கேள்வியில் மாட்டுவீர்கள். ஆசியாவிலிருந்து உதாரணம் வேண்டுமானால், 2011 டிசம்பர்: இந்தோனேசியாவின் ஆச்சேயில் பங்க் கச்சேரிக்கு வந்த 60-க்கும் மேற்பட்டவர்களைப் போலீஸ் பிடித்து, மொட்டையடித்து, 'திருத்த' அனுப்பியது. முடியைப் பற்றி எழுத வேண்டிய இடம் இதுதான்.

பங்க் ரசிகர்களே எழுதி, நகலெடுத்து, ஸ்டேப்ளர் அடித்து விற்ற இதழ்களுக்குத் தனி அத்தியாயம் கொடுங்கள். நானே ஒன்று போட்டுப் பார்த்தேன். ஏ4 தாளை மூன்று முறை மடித்து நடுவில் ஒரு வெட்டு விட்டால் எட்டுப் பக்கம். காலேஜுக்கு நேரத்துக்குப் பஸ் வராததைப் பற்றி எழுதி, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நீட்டினேன். கடைக்கார அண்ணன் முன்னும் பின்னும் புரட்டினார்.

"எந்தக் கட்சி நோட்டீஸ்மா இது? பேரே போடல?"

"கட்சி இல்லண்ணா, நாங்களே போடுறது."

"அப்ப உன் போன் நம்பர எழுதிக் குடுத்துட்டுப் போ. நாளைக்கு யாராவது வந்தா என்னத்தான் கேப்பாங்க."

நம்பரை வாங்கிக்கொண்டுதான் மெஷினைத் தொட்டார். இந்தப் பேச்சை அப்படியே களக்குறிப்பாகச் சேர்த்தேன்; கைடு ஒரு வரிகூட அடிக்கவில்லை.